மஞ்சள் ஒயரும் மூன்றாம் ஓலையும்

காலை ஆறேகாலுக்குச் சகாயநாதன் கார் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. ரேடியோ "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்று இரைந்தது. அதன் நெற்றியில் இருந்த கடிகாரம் மணி பத்து என்றது.

"ராணி! இன்னிக்கும் மறந்துடுச்சு!"

அவர் மனைவி ஆரோக்கிய ராணி காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"சத்தம் வருதுல்ல? அப்பறம் என்னாங்க?"

"சத்தம் யாருக்கு வேணும்? ஒண்ணாம் நம்பர் பட்டன்ல புதுச்சேரி ஸ்டேஷன வச்சேன். மணிய சரி பண்ணேன். விடிஞ்சா ரெண்டும் காணோம். தெனமும் ஒரு ரேடியோவுக்கு நான் அறிமுகம் பண்ணிக்கிட்டே இருக்க முடியுமா?"

"நேத்து திங்கக்கிழம நல்லாத்தான ஞாபகம் வச்சிருந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. திங்கக்கிழம மட்டும் ஞாபகம் இருக்கு."

"ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு வருதுல்ல, அதனால இருக்கும்," என்று சொல்லிவிட்டு ராணி உள்ளே போய்விட்டாள். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகவும் போகிற போக்கில் வேண்டிக்கொண்டாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவது அந்தோணியார் வேலை. ஞாபகமும் அதில் சேரும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

சகாயநாதன் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் துறைத் தலைவர். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் மின்சாரத்தை ஓட விட்டவர். சாக்பீஸ் பிடித்த அளவுக்கு அவர் கை டெஸ்டரைப் பிடித்ததில்லை என்று லேப் அட்டெண்டர் சொல்வதுண்டு, அதுவும் அவர் காதில் விழாத தூரத்தில். கடலூர் செம்மண்டலத்தில் சொந்த வீடு. வாசலில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார். வார நாளில் கல்லூரிக்கு ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கார். ஆனாலும் தினமும் காலையில் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓட விட்டுச் சூடேற்றாமல் அவருக்குக் காபி இறங்காது.

காரில் இருந்த ரேடியோ அவர் வாங்கியதல்ல. அவருடைய மகள் ஆரோக்கிய அனிதாவுக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை அமலன். அவனுடைய அப்பா லூர்துசாமி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் அலங்காரக் கடை வைத்திருந்தார். சீட் கவர், ஹாரன், ரேடியோ எல்லாம் கிடைக்கும். நிச்சயதார்த்தத்துக்கு வந்த மனிதர் பழத்தட்டோடு ஒரு புது ரேடியோவையும் கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரைமணி நேரத்தில் தன் கையாலேயே மாட்டிக்கொடுத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் சகாயநாதனுக்கு உறுத்தியது. லூர்துசாமி எட்டாம் வகுப்பு. துறைத் தலைவர் காரில் எட்டாம் வகுப்பு ஒயரிங் செய்துவிட்டுப் போயிருக்கிறது!

அவர் போனை எடுத்தார்.

"சம்பந்தி, உங்க ரேடியோவுக்கு ஞாபக மறதி."

"அப்பிடி வராதே சம்பந்தி," என்றார் லூர்துசாமி. "அதுல செவப்புன்னு ஒரு ஒயரு, மஞ்சான்னு ஒரு ஒயரு. செவப்பு சாவியத் திருப்புனா மட்டும் கரண்ட் வாங்கிக்கும், ரேடியோவ எழுப்பி வுடுறதுக்கு. மஞ்சா எப்பவும் பேட்டரியோடவே இருக்கும். நீங்க வண்டிய நிறுத்திட்டுத் தூங்கப் போனாலும் அது கொஞ்சூண்டு கரண்ட குடிச்சிக்கிட்டு ஸ்டேஷன், மணி எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். மெமரி ஒயருன்னு சொல்லுவோம். மஞ்சாவுல கரண்ட் அத்துப்போனாத்தான் மறக்கும்."

"எனக்கே ஒயரிங் சொல்லித் தர்றீங்களா?"

"ஐயையோ, இல்ல சம்பந்தி. நீங்க கேட்டீங்க..."

"நான் கேக்கல. சொன்னேன்," என்று போனை வைத்தார் சகாயநாதன்.

அவருடைய கணக்கில் விஷயம் தெளிவாகிவிட்டது. ஒரு கருவிக்கு ஒரு பிளஸ், ஒரு மைனஸ். இருபத்தாறு வருடமாக அதைத்தான் போர்டில் வரைகிறார். இதில் இரண்டு பிளஸ் இருக்கிறது என்றால், அவசரத்தில் சம்பந்தி இரண்டையும் இடம் மாற்றித்தான் மாட்டியிருக்க வேண்டும். பந்தியில் பிரியாணி ஆறிவிடுமே என்ற கவலையில் இருந்த மனிதர் வேறென்ன செய்வார்?

"நீங்க எதுக்குங்க அதுல கைய வைக்கிறீங்க? சம்பந்தி குடுத்த பொருளு," என்றாள் ராணி.

"நாலு வருஷமா செத்துக் கெடந்த இன்வர்ட்டருக்கு யாரு உயிர் குடுத்தது?"

ராணி காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருடம். கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் ஜனங்கள் விசேஷமாகச் சொல்லிக்கொண்ட காலம். அவர் தெருவில் மாலை ஆறரைக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மன்னிப்பு உண்டு. வீட்டு மூலையில் ஒரு பழைய இன்வர்ட்டர் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது, புதிது வாங்கினால்தான் உண்டு என்று கடைக்காரன் கைவிரித்துவிட்டான். ஒரு ஞாயிறு மதியம் சகாயநாதன் அதைத் தானே திறந்து, சுரண்டி, தண்ணீர் ஊற்றி மூடினார். பச்சை விளக்கு எரிந்தது. அன்று முதல் மாலை வகுப்பு முடிந்து எட்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் "இன்வர்ட்டர்?" என்பார். "ஓடுச்சுங்க, சீரியல் பூராவும் பாத்தோம்," என்பாள் ராணி. அதற்குப் பிறகு ரசத்தில் உப்பில்லை என்றாலும் அவருக்குத் தெரியாது.

சம்பந்தியோடு பேசிய அன்றே, சாக்கடை மூடி திறப்பது போல டாஷ்போர்டைப் பெயர்த்து, ரேடியோவை வெளியே இழுத்துத் தொங்க விட்டார். பின்பக்க வாடகை வீட்டில் இருந்த பக்கிரி டார்ச் பிடித்தான். தேவனாம்பட்டினத்துக்காரன். துறைமுகத்தில் போட் இஞ்சின் பார்க்கிறவன்.

"சார், போட்டுல வயர்லெஸ் செட்டுக்கும் இதே மாதிரி..."

"பக்கிரி, டார்ச்ச மட்டும் புடி."

பக்கிரி டார்ச்சை மட்டும் பிடித்தான். சகாயநாதன் சிவப்பை மஞ்சளின் இடத்திலும் மஞ்சளைச் சிவப்பின் இடத்திலும் மாட்டினார். ஸ்டேஷனை வைத்து, மணியைத் திருத்தி, வெற்றியோடு சாவியை எடுத்தார். திரும்பவும் போட்டார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." கடிகாரம் பன்னிரண்டு என்றது.

இதுவரை ரேடியோ நாளைக்கு ஒருமுறைதான் மறந்தது. இப்போது சாவியை எடுக்கும்போதெல்லாம் மறந்தது. கடலூரில் அதைவிட நன்றி கெட்ட ரேடியோ வேறு இருந்திருக்காது.

வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் காரை ஓட்டினார்.

லூர்துசாமி ரேடியோவை உருவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "யாரோ செவப்பையும் மஞ்சாவையும் மாத்தியிருக்காங்களே சம்பந்தி."

"அப்பிடியா?" என்று சகாயநாதன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தார். "எலியா இருக்கும்."

"எலி இன்சுலேஷன் டேப்பெல்லாம் சுத்துமா மாமா?" என்றான் அமலன். அவன் அப்பா அவன் காலை மிதித்தார்.

லூர்துசாமி நல்ல மனிதர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒயர்களை முறையாக மாட்டி, "ரெண்டு ராத்திரி வண்டி இங்கியே நிக்கட்டும். நான் பாத்துட்டு அனுப்புறேன்," என்றார். சகாயநாதன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காமல் நின்றபடியே கடலூர் வந்து சேர்ந்தார்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் வேறு தொல்லை.

"இன்வர்ட்டர்?" என்றார் வெள்ளி இரவு.

ராணி தயங்கினாள். "இன்னிக்கி... ஓடலீங்க."

சனிக்கிழமையும் அதே பதில். சகாயநாதன் இன்வர்ட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஞாயிறு காலை அமலன் காரைக் கொண்டுவந்து விட்டான். இரண்டு ராத்திரியும் ரேடியோவுக்கு ஒரு நொடிகூடப் பிசகவில்லை என்றான். அன்றைக்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். திங்கள் காலை ரேடியோ ஸ்டேஷனைச் சொன்னது, மணியைச் சொன்னது. திங்கள் இரவு "இன்வர்ட்டர்?" என்றதற்கு, "இன்னிக்கி ஓடுச்சுங்க," என்றாள் ராணி.

"பாத்தியா, ரெண்டு தட்டுதான்!" என்றார் சகாயநாதன்.

செவ்வாய் காலை ரேடியோ மறந்திருந்தது.

ஓலை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மணமக்களின் பங்கில், அதாவது அவரவர் ஊர்க் கோயிலில், மூன்று ஞாயிறு பூசையில் அவர்கள் பெயரை வாசிப்பார்கள். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று ஃபாதர் ஊரையே கேட்பார். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணம். அனிதாவுக்கு ஒன்று முடிந்து இரண்டு பாக்கி இருந்தது. பிள்ளை காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அமலன் என்றால் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

சகாயநாதனோ வேறொரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காலை ஆறேகாலுக்குப் பார்த்தால் பத்து. ஏழேகாலுக்குப் பார்த்தால் பதினொன்று. கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் நம் ஊர் நேரத்தில் இல்லை. உலக வரைபடத்தை விரித்து அந்த நேரம் எந்த நாட்டில் நடக்கிறது என்று தேடினார். அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் விரல் போய் நின்றது. அங்கே தண்ணீர்தான் இருந்தது.

"அப்பா, ராத்திரி எட்டேகாலுக்குப் பன்னெண்டுல இருந்து ஆரம்பிச்சா காலைல ஆறேகாலுக்குப் பத்துதான வரும்?" என்றாள் அனிதா.

"எட்டேகாலுக்கு ரேடியோவுக்கு என்னாம்மா வேல? வண்டியே பூட்டிக் கெடக்குது. உனக்கு எலக்ட்ரிகல் தெரியாது, சும்மா இரு."

அனிதா அம்மாவைப் பார்த்தாள். ராணி அவசரமாக அடுப்பங்கரைக்குப் போனாள்.

சனிக்கிழமை இரவு அவருக்கு ஞானம் பிறந்தது. சிவப்பு, மஞ்சள் என்று பிரித்து வைத்தால்தானே தகராறு? இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, நேரே பேட்டரியின் பிளஸ்ஸில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். இனி சாவியை எடுத்தாலும் ரேடியோ அணையாது. பட்டனை அழுத்தி நாம்தான் அணைக்க வேண்டும். தூங்கப் போகுமுன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பட்டனை அழுத்த மறந்தார். இந்த முறை மறந்தது ரேடியோ இல்லை.

ஞாயிறு காலை பட்டுப் புடவையோடு ராணியும் அனிதாவும் ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருப்பினால் "டிக்" என்றது. பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது. பக்கிரியும் தெருவில் இரண்டு பேரும் தள்ள, முனைப் பிள்ளையார் கோயில் தாண்டித்தான் இஞ்சின் பிடித்தது. நிறுத்தினால் திரும்ப எடுக்காது என்பதால் பக்கிரியையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கோயில் வளாகத்தில் சகாயநாதன் இறங்கி, "பக்கிரி, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுக்காத," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பிரசங்கம் முடிந்து ஃபாதர் தாளை எடுத்தார். "சிதம்பரம் பங்கைச் சேர்ந்த லூர்துசாமி, சின்னம்மாள் இவர்களின் மகன் அமலனுக்கும், நம் பங்கைச் சேர்ந்த சகாயநாதன், ஆரோக்கிய ராணி இவர்களின் மகள் ஆரோக்கிய அனிதாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது இரண்டாம் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

வெளியே பக்கிரிக்கு அலுப்புத் தட்டியது. ஒற்றைக் காலால் எவ்வளவு நேரம்தான் மிதிப்பான்? ரேடியோவைத் தொட்டான். சத்தத்தைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டினான்.

"யோசிக்காதீங்க!" என்று வளாகம் முழுக்க ஒரு குரல் முழங்கியது. "பழச குடுத்துட்டுப் புதுச எடுத்துக்கிட்டுப் போங்க! ஆடி முடியிற வரைக்கும்தான் இந்தச் சலுகை!"

ஃபாதர் தாளைத் தாழ்த்தினார். முன்வரிசையில் ஒரு கிழவர் "ஆமென்" என்றார். பெண்கள் பக்கம் முக்காடுகள் குலுங்கின. அனிதா முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணாக நிமிர்ந்து உட்கார வேண்டிய நேரத்தில் பிள்ளை அவமானத்தில் கூனிப்போனது பார்க்கவே பாவமாக இருந்தது.

அன்று மத்தியானமே சகாயநாதன் பெரிய பேட்டரியாகப் பார்த்து ஒன்று வாங்கி மாட்டினார். திங்கள் காலை ரேடியோவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, நீங்க மாட்டுனது தப்பு. ரெண்டு ஒயரையும் ஒண்ணா கட்டுனேன். இப்ப கெடிகாரம் மாதிரி இருக்கு."

"அப்பிடிக் கட்டக் கூடாதே சம்பந்தி..."

"வேலை செய்யுது. அதுக்கு மேல என்னா?"

அன்றிரவு "இன்வர்ட்டர்?" என்று கேட்டபோது ராணியின் முகத்தில் சீரியலில்கூடப் பார்க்க முடியாத மலர்ச்சி.

"என்னா அருமையா ஓடுச்சு தெரியுமாங்க! டிவியோட ரெண்டு ஃபேனும் போட்டோம். தனம்கூட வந்து பாத்துட்டு, சார் கை ராசின்னு சொன்னா." தனம் என்பது பக்கிரியின் மனைவி.

சகாயநாதன் அன்று சிரித்துக்கொண்டே தூங்கினார். செவ்வாய் காலை சாவியைத் திருப்பினார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." மணி பத்து.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒயர் சரி, பேட்டரி புதிது, கட்டியவர் துறைத் தலைவர். மிச்சம் இருப்பது ஒன்றுதான். ராணி தடுக்கத் தடுக்கப் போனை எடுத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்குறேன், மனசுல வச்சிக்காதீங்க. நீங்க குடுத்தது புது ரேடியோதானா? இல்ல எவனாவது கழட்டிப் போட்ட பழசா?"

மறுமுனையில் கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை லூர்துசாமி அணைக்கும் சத்தம் கேட்டது.

"சம்பந்தி," என்றார் லூர்துசாமி. குரல் தாழ்ந்திருந்தது. "எலின்னு சொன்னீங்க, சிரிச்சிக்கிட்டேன். கோயில்ல விளம்பரம் ஓடுனத எங்க பங்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க, பொறுத்துக்கிட்டேன். என் மருமவளுக்குச் சீரா குடுத்த பொருள பழசுன்னுட்டீங்க. முப்பது வருசம் கட நடத்துற எனக்கு இது ஜாஸ்தி. மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லி ஃபாதர்கிட்ட சொல்லிடறேன்."

போன் அறுந்தது.

அனிதா கத்தவில்லை. காலண்டருக்குப் போய், மூன்றாவது வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சகாயநாதன் அறை வாசல் வரை போய் நின்றார். மகளைப் பெற்றவருக்குத் தெரியாதா அந்தத் தாழ்ப்பாள் சத்தம்? ஆனால் போய் மன்னிப்புக் கேட்பதென்றால் ரேடியோ விஷயத்தில் தோற்றதாக ஆகிவிடும். இரண்டு நாள் சோறு இறங்காமல் நடந்தார்.

"நீங்களே ஒரு வார்த்த பேசிடுங்களேன்," என்றாள் ராணி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"எப்பிடிப் பேசுறது? தப்பு ரேடியோவுலதான இருக்கு? நம்ம வூட்ல கரண்டுல ஓடுற எந்தப் பொருளாவது என்னை ஏமாத்தியிருக்கா, நீயே சொல்லு."

ராணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். துணி காயப்போடப் போய்விட்டாள்.

கடைசியில் சமாதானம் செய்தவன் அமலன்தான். அப்பனை இழுத்துக்கொண்டு சனிக்கிழமை நாலு மணிக்குச் செம்மண்டலத்துக்கே வந்துவிட்டான்.

"மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. எங்க கடையில நிக்கும்போது மறக்கல. இங்க நிக்கும்போது மறக்குது. இன்னிக்கி ரெண்டு பேரு கண்ணு முன்னாடி ஒயர மாட்டிடுவோம். வண்டியப் பூட்டி, இருக்குற சாவியெல்லாம் இந்த டேபிள் மேல வச்சிடுவோம். நாங்க இங்கியே தங்குறோம். காலையில பூசைக்கு முன்னாடி பாத்துக்குவோம்."

"மறந்திருந்தா?" என்றார் சகாயநாதன்.

"மறந்திருந்தா தப்பு என் ரேடியோவுது," என்றார் லூர்துசாமி. "நாளைக்குக் கோயில்ல எல்லாரு முன்னாடியும் எழுந்து உங்ககிட்ட மன்னிப்பு கேக்குறேன். தப்பு உங்க வூட்டுதுன்னு தெரிஞ்சா நீங்க எழுந்து கேக்கணும். யாரு கேட்டாலும் சரி, கேட்ட பொறவு மூணாவது ஓலைய வாசிக்கட்டும்."

"சம்மதம்! என் கையால சரி பண்ண இன்வர்ட்டர் மேல ஆணையா சம்மதம்!"

அறைக்குள் தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது. அனிதா கதவிடுக்கில் நின்று அமலனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அந்த வீட்டில் அன்று ஒழுங்காக வேலை செய்த இணைப்பு அது ஒன்றுதான்.

ராணிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

"என்னாங்க, உங்களுக்கு இன்னிக்கி சாயங்கால கிளாஸ் இருக்குல்ல?"

"வேற வாத்தியார் பாத்துக்குவாரு."

"பாவம், பசங்க பரீட்ச நேரத்துல..."

"ராணி! பொண்ணு கல்யாணத்த வுடக் கிளாஸ் பெரிசா?"

லூர்துசாமி குனிந்து வேலையை முடித்தார். சிவப்பு சாவிக்கு, மஞ்சள் பேட்டரிக்கு. ஸ்டேஷனை வைத்தார், மணியைத் திருத்தினார். சாவியை எடுத்துத் திரும்பப் போட்டுக் காட்டினார். எல்லாம் ஞாபகம் இருந்தது. வண்டியைப் பூட்டிச் சாவியை டேபிள் மேல் வைத்தார்.

"ஸ்பேர் சாவி?" என்றான் அமலன்.

"அது எங்கியோ பீரோவுல..." என்று சகாயநாதன் எழுவதற்குள் ராணி தன் முந்தானை முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். ஸ்பேர் சாவி அதிலிருந்து வந்தது. அது எப்படி அங்கே போனது என்று கேட்க வேண்டும் என்று சகாயநாதனுக்குத் தோன்றியது. அதற்குள் வடை வந்துவிட்டது.

வடையும் காபியுமாகப் பேச்சு இளகியது. லூர்துசாமி தன் பழைய கடைக் கதை ஒன்றைச் சொன்னார். சகாயநாதன் சிரிக்கவும் செய்தார். மணி ஆறரை ஆனது.

மின்விசிறி கீச்சிட்டு நின்றது. டிவி அணைந்தது. தெரு மொத்தமும் "ப்ச்" என்று சலித்துக்கொண்டது.

இருட்டில் சகாயநாதனின் குரல் மட்டும் மகிழ்ச்சியாக எழுந்தது. "பயப்படாதீங்க சம்பந்தி. இப்பப் பாருங்க. கடைக்காரன் செத்துப்போச்சுன்னு சொன்ன இன்வர்ட்டர். இந்தக் கையால எழுப்புனது. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூன்றுக்குப் பிறகும் இருட்டுதான்.

"கொஞ்சம் நேரம் புடிக்கும்," என்றார்.

"புடிக்கட்டும் சம்பந்தி, அவசரம் ஒண்ணுமில்ல," என்றார் லூர்துசாமி.

ராணியின் வளையல் மட்டும் இரண்டு முறை குலுங்கியது. மூலையில் இன்வர்ட்டர் இருந்த இடத்திலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. "ராணி, ஸ்விட்ச கிட்ச யாராச்சும் அணைச்சிட்டீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, பின்வாசலில் கொலுசுச் சத்தமும் அதன் பின்னால் ஸ்பேனர் உரசும் சத்தமும் கேட்டன. தனத்தின் குரல் வந்தது.

"அக்கா, சார் கெளம்பிட்டாருல்ல? சீரியல் போட்டுடுவான், ஸ்பேர் சாவியக் குடுங்க. தெனம்போல இவுரு கார் பேட்டரியக் கழட்டியாந்து உங்க இன்வர்ட்டருல மாட்டிடட்டும்."